ஒரு மெழுகுதிரிக்கு முப்பது மாலை

நவம்பர் நடுவில் ரொறன்ரோவில் சூரியன் மாலை ஐந்து மணிக்கு முன்னரே மறைந்துவிடும். ஏழு மணிக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் கஸ்பர் வீட்டு நாற்பத்தாறாம் நாள் செபப் படத்தில், யன்னல் திரை ஒரு சாண் விலகிய இடத்தில், எதிர்வீட்டுக் கூரைமேல் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெயில்தான். கஸ்பர், அவர் மனைவி மரியம்மா, மகள் நதீஷா, மகன் றொய்சன் நால்வரும் திரு இருதயப் படத்துக்கு முன்னால் தலை குனிந்து, கைகூப்பி நின்றார்கள். நடுவில் மெழுகுதிரி எரிந்தது. கீழே வாட்ஸ்அப் காட்டிய நேரம் இரவு ஏழு மணி நாலு நிமிடம். நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு புளித்த ஏப்பம் மேலே வந்தது.

இந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான் என்பதால், அது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் எலிவேற்றர் திருத்துபவன். எலிவேற்றர் ஏன் அறுந்து விழுவதில்லை என்று யாராவது கேட்டால் அரை மணித்தியாலம் விளக்குவேன். என் மனைவி செலின் வீட்டுக்கு வருபவர்களிடம் அதைக் கேட்க வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறாள். எங்கள் பங்கின் குடும்பப் பணிக்குழுவிலும் இருக்கிறேன். வீடுகளில் இப்போது யாரும் சேர்ந்திருந்து செபிப்பதில்லை, ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு திரை என்று பாதர் கவலைப்பட்டபோது எனக்கு உடனே எலிவேற்றர்தான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு தளத்திலும் ஒரு சுவிச் இருக்கும். பெட்டி வந்து சேர்ந்துவிட்டது என்று மேலே உள்ள இயந்திரத்துக்குச் சொல்வது அதுதான். குடும்பத்துக்கும் அப்படி ஒரு சுவிச் வேண்டும் என்றேன். குழுவினர் தலையாட்டினார்கள்.

ஆகவே, அக்டோபர் முதல் வெள்ளிப் பூசையில் எங்கள் வலயத்தின் முப்பத்திரண்டு குடும்பங்களுக்கும் ஆளுக்கொரு மெழுகுதிரி மந்திரித்துக் கொடுக்கப்பட்டது. அடுத்த ஞாயிறிலிருந்து தினமும் மாலை ஏழு மணிக்கு அதை ஏற்றி, குடும்பமாகச் செபமாலை சொல்ல வேண்டும். ஏழரைக்குள் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். படம் வந்ததும் என் அட்டவணையில் அந்தக் குடும்பத்தின் கட்டம் பச்சையாகும். வராவிட்டால் சிவப்பு. டிசம்பர் இறுதியில், திருக்குடும்ப ஞாயிறன்று, மிகச் சிறந்த குடும்பம் காணிக்கைப் பவனியில் முதலாவதாக நடக்கும். அவர்களுடைய படங்கள் கோயில் சுவரில் பெரிதாகக் காட்டப்படும்.

முழுக்கப் பச்சையாக இருந்தது ஒரே ஒரு குடும்பம். கஸ்பர் குடும்பம். ஞாயிறு பூசை முடிந்ததும் குழுக் கூட்டம். அங்கே அவர்களுடைய பெயரையும் படங்களையும் நான் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அந்தக் கூரை வெயில் எழுநூறு பேருக்கு முன்னால் சுவரில் அடிக்கும். கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் இருந்த நிலை இதுதான்.

எனவே எல்லாப் படங்களையும் திகதிப்படி அடுக்கினேன். இதில் நான் மெதுவாகத்தான் போவேன். சட்டைகள் தினமும் மாறின, சீலைகள் மாறின. மெழுகுதிரி மட்டும் ஒழுங்காக இல்லை. செவ்வாய்க்கிழமை கட்டையாக இருந்த திரி புதன்கிழமை வளர்ந்திருந்தது. வியாழன் இன்னும் கொஞ்சம் உயரம். வெள்ளி மறுபடியும் கட்டை. எரிந்த மெழுகு திரும்பி வராது. ஒரே நாளில் ஏழு படம் எடுத்து, வரிசை பார்க்காமல் தினம் ஒன்றாக அனுப்பியிருக்கிறார்கள்.

எல்லாப் படங்களிலும் குனிந்த அந்தத் தலைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு அருவருத்தது. மறியலில் கம்பி எண்ணுபவன் பொய் சொன்னால் விளங்கும். திரு இருதயத்துக்கு முன்னால், கைகூப்பி, சட்டை மாற்றி மாற்றிப் பொய் சொல்வதற்கு ஒரு தனித் தோல் வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை இரண்டரை மணிக்குச் சொல்லாமல் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். மார்க்கம் வீதிக்குப் பக்கத்தில் ஒரு டவுன்ஹவுஸ். கதவைத் திறந்தவள் நதீஷா. பதினாறு வயது. என்னைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது. உள்ளே சோபா முழுக்கச் சட்டைகளும் சீலைகளும் குவிந்து கிடந்தன. வியர்வையும் வாசனைத் தெளிப்பானும் கலந்த மணம் மூக்கை அடைத்தது. கமெரா முக்காலியில் கைத்தொலைபேசி பொருத்தப்பட்டிருந்தது. இடுப்புக்கு மேலே வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டியும், கீழே கோடுபோட்ட பைஜாமாவுமாகக் கஸ்பர் நின்றார்.

"வாரும் அகஸ்ரின்," என்றார் அவர். "உடுப்புக் கடை எண்டு நினைச்சு வந்தனீரோ?"

நான் சிரிக்கவில்லை. திரு இருதயப் படத்தைச் சுற்றியிருந்த பிளாஸ்ரிக் பூக்களில் சாம்பல் நிறத் தூசி. அதன் கீழே மெழுகுதிரி சுண்டுவிரல் அளவுக்கு எரிந்து, உருகியது மேசையெல்லாம் வழிந்து, அதில் ஒரு செத்த ஈ ஒட்டியிருந்தது. சுவரில் ஒரு தாள். ஞாயிறு: அப்பா நீலம், அம்மா பச்சை. திங்கள்: அப்பா வெள்ளை, கழுத்துப் பட்டி. ஏழு நாளும் நாலு பேரும். என் அட்டவணையைவிடச் சுத்தமான அட்டவணை.

மரியம்மா அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தா. மேலே பாலாடை சுருங்கி மிதந்தது. என்னால் அதைத் தொட முடியவில்லை.

கதையைச் சொன்னவள் நதீஷாதான். ஜூன் மாதத்திலிருந்து அப்பா ஒஷாவாவில் ஒரு நிலக்கீழ் அறையில் இருக்கிறார். அவர் வேலை செய்யும் வாகன உதிரிப்பாகக் களஞ்சியம் அங்கேதான். ஆனால் அவர் போனதற்கு வேலை காரணம் அல்ல. பங்கில் ஒருவருக்கும் தெரியாது. செபத் திட்டம் தொடங்கியபோது, ஒவ்வொரு மாலையும் அவ்வளவு தூரம் ஓடிவர முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். சனிக்கிழமை வேலை இல்லை. அதனால் சனிக்கிழமைகளில் ஏழு நாளுக்கும், ஒரு கிழமைக்கான படங்கள். யோசனை அவளுடையது.

"சண்டை ஒண்டுமில்லை," என்றார் கஸ்பர், பட்டியைத் தளர்த்திக்கொண்டு. "கதைக்கிறதுக்கு ஒண்டும் இல்லாமல் போச்சு. அவ்வளவுதான்."

ஒரு அருள்நிறை மந்திரமாவது சொல்வீர்களா என்று கேட்டேன்.

"எதுக்குப் பொய்? வாயை அசைப்பம். றொய்சன் வண், டூ, திறீ எண்டு எண்ணுவான். படத்தில சத்தம் கேக்காதுதானே."

எலிவேற்றர் வேலையில் ஒரு விஷயம் உண்டு. தளத்துச் சுவிச்சை விரலால் அழுத்தினாலும் மேலே விளக்கு எரியும். பெட்டி வந்திருக்கத் தேவையில்லை. கதவைத் திறந்தால் வெறும் குழி. அந்தக் குழியை எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. அரியண்டம், அருவருப்பு என்று சொல்லிவிட்டேன், அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால்.

மரியம்மா அப்போதுதான் வாய் திறந்தா. "ஓம், அரியண்டம்தான். நாங்கள் சேராட்டி உங்கட குழு சும்மா விட்டிருக்குமோ? உங்கட தலைவி தவமணியக்கா மூண்டு தரம் போன் எடுத்தவ. ஏன் இன்னும் பேர் தரேல்லை, கஸ்பர் எங்கை, ஆளைக் காணேல்லை எண்டு. நீங்கள் குடும்பங்களை ஒண்டாக்க வெளிக்கிட்டனீங்கள். நாங்கள் ஒண்டா நிண்டு காட்டினம்."

எழுந்து வெளியே வந்தேன். காரில் ஏறியதும் நதீஷா செருப்பில்லாமல் காலுறையோடு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று கண்ணாடியை இறக்கினேன்.

"அங்கிள், இது டிசம்பரோட முடியுதுதானே. ஈஸ்ரர் வரைக்கும் எக்ஸ்டெண்ட் பண்ணேலாதா?"

பொய்க்குத் தவணை நீட்டிக் கேட்கிறாள்.

"ஃபர்ஸ்ற் மூண்டு சற்றர்டே ஒருத்தரும் கதைக்கேல்லை," என்றாள். "நாலாவதில றொய்சன் ஷேர்ட்டைப் பின்பக்கம் முன்னாலை போட்டிட்டு நிண்டான். அம்மா சிரிச்சா. பிறகு அப்பா. போட்டோ இல்லாட்டி அவர் வரமாட்டார், அங்கிள். வாறதுக்கு வேறை ரீசன் இல்லை."

பார்ப்போம் என்று மட்டும் சொல்லிக் காரை எடுத்தேன். வழி முழுக்க அந்தக் குடும்பத்தின்மேல் வெறுப்பு. கள்ளப் படத்தை நம்பி ஒரு பிள்ளை தகப்பனைக் கட்டிவைத்திருப்பதும், அந்தக் கட்டு என் அட்டவணையில் திரித்த கயிறு என்பதும் சேர்ந்து அதை இன்னும் கூட்டின. பெயரைக் கொடுக்க மாட்டேன், காரணத்தையும் நாளைக்குச் சொல்லிவிடுவேன் என்று முடிவெடுத்தேன்.

ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் செலின் மெழுகுதிரியை ஏற்றினாள். மகன் அன்ட்ரூ மாடியிலிருந்து இறங்கி வந்து நின்றான். படம் எடுத்தோம். ஒரு பரலோக மந்திரம், மூன்று அருள்நிறை மந்திரம். வழக்கம்போல அன்ட்ரூ குனிந்து திரியை ஊதினான். வழக்கம்போல நான் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு கதிரையில் அமர்ந்தேன், ஏனென்றால் ஏழிலிருந்து ஏழரை வரை மற்றவர்களின் படங்கள் வரும், அவற்றை நான் சரிபார்க்க வேண்டும்.

அப்போதுதான் எங்கள் திரியைப் பார்த்தேன்.

போய் அளப்பதற்கு அடிமட்டம் எடுத்துவந்தேன். கணக்கு மிக எளிது. இந்தத் தடிப்பான மெழுகுதிரி ஒரு மணித்தியாலத்தில் இரண்டரை சென்ரிமீற்றர் எரியும். வாங்கும்போது நானே வீட்டில் ஒன்றை எரித்துப் பார்த்திருந்தேன். முழு நீளம் இருபத்தைந்து. செபமாலைக்கு இருபது நிமிடம். அப்படியென்றால் ஒரு மெழுகுதிரி முப்பது மாலைக்குத்தான் வரும். அதனால்தான் குடும்பத்துக்கு இன்னொன்று என்று முப்பத்திரண்டு திரிகளை ஒரு பெட்டியில் போட்டு, முடிந்தவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவித்திருந்தேன். ஐம்பத்தாறு நாள் ஆகிவிட்டது. காரின் பின்பக்கம் திறந்து பெட்டியை எண்ணினேன். இருபத்தொன்பது. மூன்றே மூன்று குடும்பங்கள்தான் இரண்டாவது திரி கேட்டிருந்தன. அந்த மூன்றுக்கும் என் அட்டவணையில் பாதிக்கு மேல் சிவப்பு. படம் அனுப்ப மறந்துவிட்டோம் என்று ஒவ்வொரு கிழமையும் மன்னிப்புக் கேட்டவர்கள் அவர்கள்தான்.

எங்கள் திரியில் மிச்சம் இருபத்தொரு சென்ரிமீற்றர். ஐம்பத்தாறு நாளில் எரிந்தது நாலு. ஒரு மாலைக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. ஒரு முட்டை அவியாது. கஸ்பர் வீட்டில் எட்டுச் சனிக்கிழமையில் இருபது சென்ரிமீற்றர் எரிந்திருந்தது. அவர்கள் சட்டை மாற்றுவதற்குச் செலவழித்த வெளிச்சம், நாங்கள் செபித்ததாகச் சொன்னதைப்போல் ஐந்து மடங்கு.

குளியலறைக்குப் போய்த் துப்பினேன். துப்பியும் வாய் கசந்தது. செலின் கதவுக்கு வெளியே நின்று, மத்தியானம் சாப்பிட்ட இறால் சரியில்லையோ என்று கேட்டாள்.

ஞாயிறு கூட்டம் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் நடந்தது. பாதரும் நாங்கள் ஐந்து பேரும். மேசையில் இறைச்சி ரோல்ஸ். அடியில் விரித்த தாள் எண்ணெயில் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. குழுத் தலைவி தவமணி அன்ரி ரோல்ஸ் சாப்பிட்ட விரலை நக்கி, அதே விரலால் குடும்பங்களின் பட்டியலைப் புரட்டிக்கொண்டே, யார் வீட்டில் யார் யாரோடு கதைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தா. யூனியன்வில்லில் பெரிய வீடு வாங்கியவர்களைப் பற்றியும் ஒரு சுற்று ஓடியது. கஸ்பரின் கதை இந்த மேசைக்கு வந்தால் என்ன ஆகும் என்று அந்த விரலைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது.

என் பைக்குள்ளிருந்து எங்கள் வீட்டு மெழுகுதிரியை எடுத்து மேசையில் நிறுத்தினேன். ஐம்பத்தாறு நாள் எரிந்த திரி என்றேன். கணக்கைச் சொன்னேன். பெட்டியில் இருபத்தொன்பது மிச்சம் என்பதையும் சொன்னேன். செபத்தை அளக்க நான் செய்த சுவிச் படத்தை மட்டும்தான் அளக்கிறது. என் வீட்டிலேயே அது பொய் சொல்கிறது. அதனால் இந்த அட்டவணையிலிருந்து எந்தப் பெயரையும் நான் தரமாட்டேன் என்றேன்.

"உமக்கென்ன விசரோ, அகஸ்ரின்?" என்றா தவமணி அன்ரி. "முழுப் பச்சை ஆர் எண்டு எல்லாருக்கும் தெரியும். பேரை எழுதும்."

"உங்கட வீட்டுத் திரி எவ்வளவு மிச்சம், அன்ரி?"

"நாங்கள் பற்றறித் திரிதான் பாவிக்கிறது. மற்றதுக்குப் புகை அலாம் அடிக்கும்."

யாரோ இருமினார்கள். பாதர் தன் ரோல்ஸைக் கடிக்காமல் திரும்பத் தட்டில் வைத்தார். அப்படியென்றால் இரண்டாவது திரி வாங்கிய மூன்று குடும்பங்களில் ஒன்றுக்குக் கொடுக்கலாமே என்றார் ஒருவர். கொடுக்கலாம், அடுத்த வருடம் எல்லோரும் திரியைக் கத்தியால் வெட்டிக்கொண்டு வருவார்கள் என்றேன். அதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. மறுப்புச் சொல்லவில்லையே என்பதுதான் அன்று எனக்கு மிகவும் குமட்டியது. கடைசியில், இந்த வருடம் தெரிவு எதுவும் இல்லை, வாட்ஸ்அப் குழுவும் இன்றோடு மூடப்படும் என்று பாதர் முடித்துவைத்தார்.

ஆக, ஒரு குடும்பத்தின் பெயரை அந்த விரலிடமிருந்து காப்பாற்றினேன், அதே வாயால் நதீஷாவின் சனிக்கிழமைகளையும் மூடினேன். படம் இல்லை என்றால் தகப்பன் இல்லை. அவள் எனக்கு அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

காருக்குள் இருந்தபடியே பெட்டியிலிருந்து புதிய திரி ஒன்றை எடுத்தேன். அடிமட்டம் வைத்து, பேனாக்கத்தியால் இரண்டரை சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு கீறினேன். ஒன்பது கோடு, பத்துப் பங்கு. ஒரு பங்கு ஒரு மணித்தியாலம். மணிக்கூடு இல்லாத காலத்தில் இப்படித்தான் இரவில் நேரம் பார்த்தார்கள். காற்றில்லாத அறையென்றால் பெரிய பிழை வராது. பிறகு கஸ்பருக்குப் போன் எடுத்தேன். குழு மூடியாகிவிட்டது, ஆனால் உங்கள் வீட்டுக்கு மட்டும் வேறு ஒழுங்கு என்றேன். சனிக்கிழமை வர வேண்டும். திரியை ஏற்றி, அது அடுத்த கோட்டுக்கு எரிந்து இறங்கும் வரை நாலு பேரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். முடிவில் ஒரே ஒரு படம், எனக்கு மட்டும்.

"எங்களுக்கு மட்டும் ஏன்?"

"நீங்கள் செய்ததை நான் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதுக்காக."

அது வெறும் மிரட்டல். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. தவமணி அன்ரியின் குரல்போல் இருந்தது. போனில் அவருக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் தடதடத்தது.

"ஒரு மணித்தியாலம் முழுக்க என்ன செய்யிறது? செபமோ?"

"எனக்குத் தெரியாது," என்றேன். "சட்டை மட்டும் மாத்த வேண்டாம்."

திரியை மரியம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ கோடுகளை விரலால் தடவிப் பார்த்தா. இந்த முறை தேத்தண்ணி தரவில்லை.

அந்தக் கிழமை எங்கள் வீட்டிலும் நானே ஒரு விதி போட்டேன். ஏழு மணிக்குக் கைத்தொலைபேசிகள் மூன்றும் சமையலறை இழுப்பறைக்குள். செபமாலை முழுதாக, இருபது நிமிடம். அது இனிமையாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அன்ட்ரூ கொட்டாவி விட்டான். எனக்கு முழங்கால் வலித்தது. மூன்றாம் காரணிக்கத்தில், செபமாலையின் பாதியில், செலின் தூங்கிவிட்டாள். ஆனால் திரி எட்டு மில்லிமீற்றர் இறங்கியது. அளந்தேன்.

சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றரை. நாலு. நாலு இருபது. கஸ்பர் வரவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஐந்து மணிக்குப் படம் வந்தது.

சோபாவில் ஒரு துணிகூட இல்லை. ஒரு முனையில் கஸ்பர், வேலைச் சட்டையோடு, பாகற்காய்ச் சாறு குடித்தவர்போல் முகத்தைச் சுளித்து யன்னலைப் பார்க்கிறார். மறுமுனையில் மரியம்மா, சீலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, அழுதாவோ கத்தினாவோ தெரியாது, மூக்கு சிவந்திருக்கிறது. நடுவில் றொய்சன் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறான். யாரும் கைகூப்பவில்லை. யாரும் கமெராவைப் பார்க்கவில்லை. நான் இதுவரை சரிபார்த்த படங்களில் இவ்வளவு அவலட்சணமான ஒன்றைப் பார்த்ததில்லை.

பெரிதாக்கித் திரியைத் தேடினேன். முதற்கோட்டையும் தாண்டி, இரண்டாவதையும் ஏறக்குறையத் தொட்டுவிட்டது. கீழே நதீஷா எழுதியிருந்தாள்:

"சொறி அங்கிள், அம்மாவும் அப்பாவும் ரெண்டு மணித்தியாலமாச் சண்டை. அணைக்க மறந்திட்டம். அடுத்த கிழமை ஒரு கோடு குறைச்சு இருக்கோணுமா?"

தேவையில்லை, பெட்டியில் இன்னும் திரி இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன்.